மஞ்சள் கொடியும் மனோன்மணியின் நாக்கும்

ஒரு துணியைக் கம்பில் கட்டினால் அது கொடி. அதோடு விட்டுவிட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. அந்தத் துணிக்கு உட்பொருள் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, தத்துவம் இருக்கிறது என்று விளக்க ஒருவன் கிளம்பும்போதுதான் வீட்டுக்குச் சனி பிடிக்கிறது. எங்கள் வீட்டில் அப்படிக் கிளம்பியவன் நான். (வேறு யார்? மற்ற எல்லாருக்கும் மூளை இருந்தது.)

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் உத்தியோகம். பருத்தித்துறையில் பஸ் ஏறி, யன்னலோரம் பிடித்து, மடியில் ஒரு தடித்த இங்கிலீசுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு போவேன். ஊர் வாசிகசாலையில் தூசி படிந்து கிடந்த புத்தகம் அது. உலகத்துக் கொடிகளைப் பற்றியது. பின்பாதி இல்லை. கரையான் தின்றதோ, கடலைக்காரி சுருள் சுற்ற எடுத்தாளோ தெரியாது. முன்பாதி எனக்குத் தாராளமாகப் போதும் என்று நினைத்தேன். அரைப் புத்தகத்தை வாசித்துவிட்டு முழு நிபுணன் ஆகிற வித்தை அந்த வயதில் எனக்குக் கைவந்திருந்தது.

அதற்குப் பிறகு என்னிடம் அகப்பட்டவர்கள் பாவம். ஆதியில் கொடி என்பது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வில்லாளிகள் கட்டிய கந்தல் என்பேன். போர்க்களத்துப் புழுதியில் தன் ஆள் எது, மாற்றான் ஆள் எது என்று தெரியாமல் வெட்டிக்கொண்டதால் நிறம் பிறந்தது என்பேன். மீன், புலி, வில் என்று மூவேந்தரிடம் வந்து நிற்பேன். கேட்கிறவர் அதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார். எங்களூராருக்குத் தெரிந்த கொடிகள் இரண்டே இரண்டு. கோயில் திருவிழாவுக்கு ஏறும் நந்திக்கொடி ஒன்று, அரசாங்கத்தோடு கோபம் வந்தால் ஏறும் கறுப்புக்கொடி மற்றது. அந்த வருடங்களில் இரண்டாவதுக்குத்தான் வேலை அதிகம்.

இப்படி நான் முற்றிப்போயிருந்த சமயத்தில் என் தங்கை மனோன்மணிக்குக் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளை தில்லைநாதன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன்தான் வளர்த்து ஆளாக்கியவர். அந்த மாமன் ஒரு தண்டல். பாய்க்கப்பலை நடத்துகிற தலைவனுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். நாகபட்டினம், இரங்கூன் என்று ஓடித் திரிந்து, கடைசிப் பாய்க்கப்பலும் விறகான பிறகு கரையில் வந்து குந்தியவர். கல்யாணம் செய்யாதவர். ஏன் செய்யவில்லை என்று எங்கள் வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை.

நாங்களும் கடலோடிக் குடும்பம்தான். ஆனால் என்னைப் பெற்ற ஐயாவுக்குத் தோணியில் கால் வைத்தாலே சத்தி, அதுதான் வாந்தி, வரும். அதனால் சந்தையடியில் பலசரக்குக் கடை வைத்தார். எனக்கோ கரையில் நின்று பார்த்தாலே வரும். கப்பல் சங்கதி எதுவும் தெரியாத கப்பற்காரர் வம்சமாக நாங்கள் இப்படித்தான் ஆனோம்.

கல்யாணச் சோடனையை என் பொறுப்பில் விடச் சொல்லி அடம்பிடித்தேன். வழக்கமாக என்ன செய்வார்கள்? குருத்தோலைத் தோரணம், மாவிலை, வாழை, பச்சையும் ரோசாவுமாக முக்கோணக் கடதாசிக் கொடிகள். கடதாசிக் கொடியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொருளில்லாத கடதாசி ஐயா உது. ஒரு கொடியெண்டால் என்னத்தையாவது சொல்லவேணும்."

"கல்யாண வீடு இதுதான் எண்டு சொல்லுதுதானே, காணாதோ?" என்றார் ஐயா.

போதாது என்றேன். தேடித் திரிந்தேன். என்னோடு படித்த ஒருவன் வீட்டுக் கோடிக்குள், உடைத்து விற்ற பாய்க்கப்பலின் சாமான்களோடு ஒரு தகரப்பெட்டி கிடந்தது. திறந்தால், உள்ளே கொடிகள்! முழு மஞ்சளாக ஒன்று, படங்கு அளவு பெரியது. சிவப்பும் வெள்ளையுமாக நாலு கட்டம் போட்டது ஒன்று. வால் பிளந்த சிவப்பு ஒன்று. நீலமும் வெள்ளையுமாகத் தாயக்கட்டம்போல ஒன்று. இன்னும் பல. "கொண்டுபோ மச்சான், எலி குட்டி போடுது" என்றான் நண்பன். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. (எலிமூத்திரத்தின் காரமாகவும் இருக்கலாம்.)

அவை கப்பலுக்குக் கப்பல் செய்தி சொல்லும் கொடிகள் என்ற அளவு எனக்கும் தெரியும். என்ன செய்தி என்பது புத்தகத்தின் பின்பாதியில் இருந்திருக்கவேண்டும். அம்மா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு நல்ல யோசனை சொன்னா.

"தம்பி, உதுகளை ஒருக்கால் தண்டலிட்டைக் காட்டிப்போட்டுக் கட்டன்."

"அம்மா, அவருக்குக் கொடியைத் தெரியும். கொடியின்ரை தத்துவம் தெரியாது."

இந்த வசனத்தை நான் உண்மையாகவே சொன்னேன். அம்மா சாகும்வரை அதை எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டினா.

கல்யாண வீட்டில் வாழ்த்துப்பா எழுதி, அச்சடித்து, பந்தலில் படிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமன்மார், சிற்றப்பன்மார், முன்னாள் தலைமையாசிரியர்கள் எல்லாரும் மணமக்களைப் பதினாறு பேறும் பெறச் செய்துவிட்டுத்தான் சாப்பிட இருப்பார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேராமல், கொடிகளுக்கு உரை எழுதினேன். ரோசாத் தாளில், "மங்கலக் கொடி விளக்கம்" என்று தலைப்பிட்டு அச்சடித்தேன். அதிலிருந்து ஒரு துளி:

"மஞ்சள்: மங்கலத்தின் மூலம். வாசலில் பறந்து வருவோரை இருகரம் நீட்டி அழைப்பது. நாற்கட்டச் சிவப்பு வெள்ளை: இல்லறத்தின் நாற்றிசைக் காவல். மணவறைக்கு நேர் மேலே அமைவது. வால் பிளந்த சிவப்பு: காதலின் இரு சுடர்."

ஒரு வரிக்கும் ஆதாரம் இல்லை. நெஞ்சுக்குள் வந்ததை எழுதினேன். கொடி விளக்கம் எழுதுகிற எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது என் இன்றைய கருத்து. முதலில் கையில் கிடைத்த துணியைத் தைப்பது, பிறகு சிவப்பு என்றால் தியாகம், வெள்ளை என்றால் சமாதானம் என்று கதை கட்டுவது. சங்கங்களும் கழகங்களும் தங்கள் ஆண்டுவிழாவுக்கு ஏற்றும் கொடிகளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அந்த ரோசாத் தாள்தான் ஞாபகம் வரும்.

ஆனி மாதம். நல்ல சோளகக் காற்று. கல்யாணத்தன்று விடியவே ஏணி வைத்து ஏறினேன். பந்தல் முகட்டிலிருந்து கயிறு இழுத்து, வாசல் கதவான படலைக்கு மேலால் கொண்டுபோய், ஒழுங்கைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற வேப்பமரத்துக் கொப்பில் கட்டினேன். படலைக்கு நேர் மேலே மஞ்சள். கடற்கரைக்குப் போன இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் போனார்கள். வியந்து போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். அதனால் குளித்து, பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். முன்காரில் தண்டல் மாமா. பின்காரில் தலைப்பாகையோடு தில்லைநாதன், பக்கத்தில் நான். பின்னால் ஒரு வான் (வேன்) நிறையச் சனம். எங்கள் ஒழுங்கை முகப்பில் கார் திரும்பியபோது, கொடிகளைக் கண்டு மாப்பிள்ளை என்ன சொல்லப்போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்கார் நின்றது. படலைக்குக் கிட்டவும் போகவில்லை, ஒழுங்கையின் நடுவில் நின்றது. தண்டல் மாமா கதவைத் திறக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஒருத்தரும் இறங்கக்கூடாது! அங்கை மஞ்சள் ஏத்தியிருக்கு!"

நான் எட்டிப் பார்த்தேன். சோளகம் தன் வேலையைக் காட்டியிருந்தது. கயிறு கட்டிய வேப்பங்கொப்பு முறிந்து, கயிற்றோடு இழுபட்டு வந்து, படலைக்கு மேலே கொத்தாகத் தொங்கியது. ஒரு பக்கம் பெரிய மஞ்சள் கொடி. அதன் பக்கத்தில் வேப்பிலை. படலையில் வேப்பிலை தொங்கினால் உள்ளே அம்மாள் வருத்தம், யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். கல்யாண வீட்டை நான் ஒரு கையால் நோய்க் கப்பலாகவும் (அந்தப் பாதி பிறகுதான் தெரிந்தது) மறு கையால் அம்மை வீடாகவும் ஆக்கி வைத்திருந்தேன்.

"மஞ்சள் எண்டால் என்ன?" என்று மெல்லக் கேட்டேன். கொடி நிபுணன் கேட்ட கேள்வி இது.

தில்லைநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மச்சான், வருத்தக்காரக் கப்பலைத் துறைக்கு வெளியிலை மறிச்சால் ஏத்துற கொடி அது. டொக்டர் வந்து பாக்கும்வரை ஆள் இறங்கேலாது. மாமாவின்ரை கல்யாணத்துக்கு முதல் நாள் அவரின்ரை கப்பல் இரங்கூனாலை வந்தது. ஆரோ சத்தியெடுத்தான் எண்டு மஞ்சளை ஏத்திப்போட்டாங்கள். கப்பலிலை நிண்டு பாத்தால் பொம்பிளை வீட்டுப் பந்தல் தெரியுமாம், மேளச் சத்தமும் கேக்குமாம். முகூர்த்தம் தப்பப்போகுதெண்டு அவையள் பந்தலுக்குள்ளை நிண்ட பொம்பிளையின்ரை மச்சானைப் பிடிச்சுத் தாலி கட்டுவிச்சுப்போட்டினம். மாமா அதுக்குப் பேந்து கட்டவே இல்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையான வெட்கம். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு கொடியைப் பார்க்கவே கூடாது என்றால், அது இது. அதைத் தேடிப் பிடித்து, துவைத்து, இஸ்திரி போட்டு, அவருடைய மருமகனின் கல்யாண வாசலில் நான் தொங்கவிட்டிருக்கிறேன். இருகரம் நீட்டி அழைக்கிறதாம்!

ஆனாலும் பாருங்கள், அந்த வெட்கம் என்னை வாயை மூடச் செய்யவில்லை. காரை விட்டு இறங்கி, முன்காருக்கு ஓடி, மடியிலிருந்த ரோசாத் தாளை நீட்டினேன்.

"மாமா, இது அந்த மஞ்சள் இல்லை. இது மங்கல மஞ்சள். இதிலை விளக்கம் அச்சடிச்சிருக்கு, வாசியுங்கோ."

தண்டல் மாமா தாளை வாங்கவில்லை. "ஆர் உதை எழுதினது?"

"நான்தான்."

"கட்டினது?"

"அதுவும் நான்தான்."

"கப்பலிலை போயிருக்கிறீரோ?"

"சத்தி வரும் மாமா."

கேட்டுவிட்டு அவர் கார்க் கண்ணாடியை ஏற்றினார். ஏற்றினவர் மறுபடியும் கொஞ்சம் இறக்கிச் சொன்னார். "மஞ்சள் ஏத்தின இடத்திலை டொக்டர் பாத்துச் சொல்லாமல் ஒருத்தரும் ஏறுறதும் இல்லை, இறங்கிறதும் இல்லை. அண்டைக்கு எனக்கு அதுதான் சட்டம். இண்டைக்கு உங்களுக்கும் அதுதான். இல்லாட்டிக் காரைத் திருப்பச் சொல்லுறன்."

மாமன் திரும்பினால் மருமகன் திரும்புவான். வளர்த்த கடன் அப்படி. பந்தலுக்குள் ஐயர் ஓமத்துக்கு விறகு அடுக்கிவிட்டு முகூர்த்தம் போகிறது, போகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். செய்தி அதற்குள் உள்ளே போய்விட்டது. எங்கள் சொந்தபந்தத்தின் பாசத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மாள் என்ற சொல் காதில் விழுந்ததும், மனோன்மணியைத் தூக்கி வளர்த்ததாகச் சொல்லித் திரிந்த சின்னமாமி பின்வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் முதல் ஆளாக நுழைந்து போனா. போகிறபோக்கில் ஒரு சீப்பு வாழைப்பழமும் போனது.

ஐயா ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பென்சன் அப்போதிக்கரி பொன்னம்பலத்தைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். டொக்டர் இல்லாத ஊரில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரிதான் டொக்டர். பொன்னம்பலத்தாருக்குப் பென்சனுக்குப் பிறகு கிடைத்த முதல் கேஸ். நெஞ்சை நிமிர்த்தினார்.

"நாக்கைப் பாத்தால் காணும். அம்மாள் எண்டால் நாக்கிலை தெரியும். பொம்பிளையை ஒருக்கால் பாக்கவேணும்."

பெண்கள் பக்கம் கூச்சல் எழுந்தது. தாலி கட்டுமுன் மணப்பெண்ணைப் படலைக்குக் கொண்டுவருவதா? அதுவும் நாக்கை நீட்டவா? "அப்ப அப்போதிக்கரி உள்ளை வந்து பாக்கட்டும்" என்றது ஒரு குரல். "அவர் உள்ளை இருந்துதானே வாறார், அவர் சொல்லை எப்பிடி நம்பிறது?" என்றது மாப்பிள்ளை வீட்டு வானிலிருந்து இன்னொரு குரல். இரண்டு பக்கமும் நியாயம் பேசத் தெரிந்தவர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. முகூர்த்தம் ஒழுங்கை நடுவில் கரைந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு மூலையில் இருந்து அழத் தொடங்கினா. நான் கையில் ரோசாத் தாளோடு நின்றேன்.

அப்போது கூட்டம் இரண்டாக விலகியது. மனோன்மணி வந்தாள். தலைநிறையப் பூ, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், எல்லாமாக. மணப்பெண் குனிந்துதான் நடக்கவேண்டும் என்று பின்னால் யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. நேராகப் படலைக்கு வந்து, மஞ்சள் கொடிக்குக் கீழே, வேப்பிலைக்குப் பக்கத்தில் நின்றாள். அப்போதிக்கரியைப் பார்க்கவில்லை. முன்காரைப் பார்த்தாள்.

"மாமா, நீங்களே பாருங்கோ."

சொல்லிவிட்டு நாக்கை நீட்டினாள். சாதாரணமாக அல்ல. சிறுவயதில் என்னோடு சண்டை போட்டால் நீட்டுகிற முழு நீளத்துக்கு நீட்டினாள்.

பின்காரில் ஒரு சிரிப்பு வெடித்தது. தில்லைநாதன். தலைப்பாகை கழன்று மடியில் விழச் சிரித்தான். அதுவரை அவன் என் தங்கையை ஒரு சாதகக் குறிப்பிலும் ஒரு படத்திலும்தான் பார்த்திருந்தான். கதவைத் திறந்து தானே இறங்கிவிட்டான். நான் ஓடிப்போய்க் கால் கழுவச் செம்பைத் தூக்கினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் அவன் பட்டு வேட்டியில் போனது.

தண்டல் மாமா மெல்ல இறங்கி வந்தார். மனோன்மணிக்கு முன்னால் நின்று, துறைமுக டொக்டரைப்போலக் கண்ணைச் சுருக்கி அவள் நாக்கைப் பார்த்தார். வானில் இருந்த சனத்தைத் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"சுகதேகி. எல்லாரும் இறங்கலாம்!"

ஐயர் மந்திரங்களை வாய்க்குள் போட்டு அரைத்து விழுங்கி, முகூர்த்தம் முடிய முன்னர் தாலியைக் கட்டுவித்துவிட்டார். மணவறைக்கு மேலே நாற்கட்டக் கொடி பறந்துகொண்டிருந்தது. தண்டல் மாமா அண்ணாந்து அதைப் பார்த்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அதையாவது ரசித்தாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. போகும்போது படலையிலிருந்த மஞ்சள் கொடியை அவரே அவிழ்த்து, மடித்து, மனோன்மணியின் கையில் கொடுத்தார்.

"நல்ல துணி பிள்ளை. எனக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் கோவணம் தையுங்கோ."

அப்படியே தைத்தார்கள். மனோன்மணியின் மகன், என் மருமகன் குமரன், அந்தக் கோவணத்தில்தான் தவழ்ந்தான். ஒரு முழு மங்கலத் தத்துவத்தை அவன் நாளுக்கு நாலு தடவை நனைத்தான்.

என் கதை அதோடு முடியவில்லை. மனோன்மணி தன் வீட்டுப் படலையில் எனக்கென்று ஒரு சட்டம் போட்டாள். நான் உள்ளே வருவதென்றால் படலையில் நின்று நாக்கை நீட்டிக் காட்டவேண்டும். முதலில் அவள் பார்த்தாள். பிறகு குமரன் பார்த்தான். ஒருமுறை என் கச்சேரி மேலதிகாரியை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கும் விலக்குக் கிடைக்கவில்லை.

மஞ்சள் கோவணம் கட்டி வளர்ந்தவன் கணக்கு வாத்தியாரா ஆவான்? குமரன் கப்பலில் சேர்ந்தான். பயிற்சி முடிந்து முதல் விடுமுறைக்கு வந்தவன், சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தின் முன்னால் நின்றுவிட்டான். எத்தனையோ வருடமாகத் தொங்கிய படம்தான். இப்போதுதான் அவனுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கிறது.

"மாமா, படலையிலை கட்டினது முழு மஞ்சள்தானே? அதின்ரை கருத்துத் தெரியுமோ? 'நாங்கள் எல்லாரும் சுகம், உள்ளை வர விடுங்கோ.' டொக்டர் வந்து ஓமெண்டால் சரி."

நான் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன். என் வாழ்நாளில் நான் சரியாகச் சொன்ன ஒரே விஷயம், இத்தனை வருடம் கழித்து நிரூபணமாகிவிட்டது! "கேட்டியோ மனோ? கேட்டியோ? சுகம் எண்டு அர்த்தமாம்! நான் அண்டைக்கே சொன்னனான். தண்டல் மாமாதான் பிழை!"

"அவரும் பிழையில்லை மாமா. அது ஏறினால் டொக்டர் பாக்கும்வரை ஒருத்தரும் இறங்கேலாது. சட்டப்படிதான் மறிச்சிருக்கிறார்." குமரன் படத்துக்கு இன்னும் கிட்டப் போனான். "அது கிடக்கட்டும், அம்மா அப்பாவுக்கு மேலை இந்த நாலு கட்டக் கொடியை ஆர் கட்டினது?"

"நான்தான். இல்லறத்தின்ரை நாற்றிசைக் காவல்."

குமரன் வாயைப் பொத்திக்கொண்டான். அவனால் அடக்க முடியவில்லை. "மாமா, அது, 'ஆபத்தை நோக்கிப் போறியள், கவனம்' எண்டெல்லோ சொல்லுது!"

தண்டல் மாமா அன்று அண்ணாந்து பார்த்துச் சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் அதற்கு முந்தின வருடம்தான் காலமாகிப் போயிருந்தார். போகும்வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. தில்லைநாதன் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டான். பேப்பர் குலுங்கியது. மனோன்மணி மட்டும் சிரிக்காமல் என்னை ஆறுதலாகப் பார்த்தாள்.

"அண்ணை, உதையெல்லோ நீ வாசலிலை கட்டியிருக்கவேணும்."

எது எப்படியிருந்தாலும் மஞ்சள் விஷயத்தில் நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது, ஆகவே படலைச் சட்டம் இனிச் செல்லாது என்று வாதாடினேன். குமரன் கப்பல்காரனுக்குரிய நிதானத்தோடு தீர்ப்புச் சொன்னான். வெளியிலிருந்து வருகிற கப்பல்தான் சுகத்தைக் காட்டவேண்டும், உள்ளே இருக்கிற துறை அல்ல. வருகிறவர் மாமா. ஆகவே சட்டம் சட்டம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். படலை உள்ளிருந்து பூட்டியிருந்தது. ஒழுங்கையில் ஒருவரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.